நான்கு கேபிள்களும் ஒரு பித்தளைத் துண்டும்

நவம்பர் 12, சனி

மேலே தேதியை எழுதிவிட்டால் கீழே பொய் எழுதக் கூச்சம் வந்துவிடும் என்று எங்கள் அறிவியல் ஆசிரியை வயலட் மிஸ் சொல்வார். அவர் சொல்வது செய்முறை ஏட்டைப் பற்றி. அதில் ‘கண்டது’, ‘முடிவு’ என்று இரண்டு பகுதிகள் உண்டு. கண்டதை அன்றே எழுத வேண்டும். முடிவு தெரியாவிட்டால் காலியாக விட வேண்டும். ஊகித்து நிரப்பினால் மதிப்பெண் கிடையாது. இந்த நாட்குறிப்பையும் அப்படியே எழுதப் போகிறேன். எழுதுவதற்கு ஒரு வேலையும் இன்று கிடைத்துவிட்டது.

என் அக்கா யெமிமா பி.காம். இரண்டாம் ஆண்டு. எலெக்ட்ரிக் கித்தார் வாசிப்பாள். பாளையங்கோட்டையில் எங்கள் கோவிலில் இதுவரை அந்தக் கித்தார் ஒலித்ததில்லை. பாடகர் குழுவை நடத்தும் பொன்சிங் சார் மூன்று மாதம் யோசித்து, டிசம்பர் 23 கிறிஸ்துமஸ் பாடல் ஆராதனையில் முதல் பாட்டின் முகப்பை, பாடத் தொடங்குமுன் வரும் இசையை, அக்கா வாசிக்கலாம், வாசித்துக்கொண்டே பாடலாம் என்று சம்மதித்திருந்தார். இன்று ஒத்திகையில் அந்தச் சம்மதம் ஆட்டம் கண்டது.

அக்காவின் காலடியில் ஒரு பலகை இருக்கும். அதன் மேல் நான்கு பெடல்கள், சோப்பு டப்பா அளவுப் பெட்டிகள். கித்தாரின் ஒலி ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நுழைந்து, ஒன்றில் கரகரப்பாகி, இன்னொன்றில் எதிரொலியாகி, கடைசியில் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். ஒரு பெட்டியை அடுத்ததோடு இணைக்கும் சாண் நீளக் கம்பிக்குப் பேட்ச் கேபிள் என்று பெயர். அக்கா வாங்கியது மலிவுப் பாக்கெட். காலால் பெடலை மிதிக்கும்போதெல்லாம் படபடவென்று வெடிக்கிறது. அது போதாதென்று விடாத ஓர் உறுமல் வேறு.

பொன்சிங் சார் கண்ணாடியைக் கழற்றினார். “யெமிமா, பாட்டுக்கு நடுவுல மாவு மில்லு எதுக்கும்மா?”

எல்லாரும் சிரித்தார்கள்.

“இருபத்து மூணாந் தேதிக்குள்ள இது நிக்கலன்னா கீபோர்டுல வாசிச்சுக்கிடுவோம். நீ பழையபடி பொம்பளப் பிள்ளைங்க வரிசையில நின்னு பாடு.”

வீடு வரும்வரை அக்கா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது நான், “கேபிள நான் செஞ்சு தாரேன்” என்றேன்.

“ஏட்டி, குக்கர் விசில எங்க வெச்சேன்னு மூணு நாளு தேடுனவ நீ.”

“அது வேற டிபார்ட்மென்ட்.”

அக்கா சிரித்துவிட்டாள். அதனால் வேலையை எனக்குத் தந்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 13, ஞாயிறு

ஒவ்வொரு பெடலுக்கும் இடையே தையல் நூல் வைத்து அளந்தேன். நான்கு பெடலுக்கு நடுவே மூன்று கேபிள் போதும் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் அக்கா சுருதி பார்க்கும் ட்யூனர் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து வந்தாள். அதையும் சேர்த்தால் ஐந்து பெடல், நான்கு கேபிள்: 14, 11, 11, 19 செ.மீ. நூலை முடிச்சுப் போட்டு அறிவியல் புத்தகத்தில் ஒட்டினேன்.

நவம்பர் 16, புதன்

எங்கள் அப்பா ஜெயசிங் மைக் செட் வைத்திருக்கிறார். கல்யாணம், கன்வென்ஷன், காதுகுத்து எல்லாவற்றுக்கும் போகும். கோவில் ஒலிபெருக்கியும் அப்பா பொறுப்புதான். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சாமான்கள் இருக்கும். அங்கே பழைய மைக் வயரும், கித்தாருக்குச் சொருகும் ஜாக்குகளும் கிடைத்தன. இந்த ஜாக்கை மைக் செட்காரர்கள் பி-38 என்கிறார்கள். ஏன் 38 என்று கேட்டேன். “எனக்குத் தெரிஞ்ச நாள்ல இருந்து முப்பத்தெட்டுதான்” என்றார் அப்பா.

வயரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு மெல்லிய கம்பி, அதைச் சுற்றி வெள்ளை உறை, அதைச் சுற்றிச் செம்பு இழைகளால் பின்னிய வலை. ஒலி நடுக்கம்பியில் போகும். வலை வெளி இரைச்சலைத் தடுக்கும். அது மட்டுமல்ல, எல்லாப் பெட்டிகளின் உலோக உடம்பையும், கித்தாரின் தந்திகளையும் ஒன்றோடொன்று சேர்ப்பதும் வலைதான். ஒரே ஒரு கம்பிக்குள் இவ்வளவு ஒழுங்கு இருப்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நவம்பர் 19, சனி

முதல் கேபிளை முழுவதும் பற்றவைத்து முடித்தபின், ஜாக்கின் மூடியை வயருக்குள் முதலிலேயே கோக்க மறந்தது தெரிந்தது. மூடி மேசை மேல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதாயிற்று.

அம்மா அங்கன்வாடி வேலை முடிந்து வந்ததும் மூக்கைப் பொத்தினாள். “என்னத்தட்டி கருக்குதிய? சாதம் வெச்சியா?”

“ஈயம்மா.”

“ஈயத்தையா திங்கப் போறோம்?”

ராத்திரிச் சாப்பாட்டுக்குள் இரண்டு முடிந்தன. கரண்டு போக வழி இருந்தால் ஒலிக்கும் அப்பாவின் மீட்டரை வைத்தால் நுனிக்கு நுனி ‘பீப்’. வலைக்கு வலை ‘பீப்’. நுனிக்கும் வலைக்கும் வைத்தால் சத்தம் வரக் கூடாது. வரவில்லை.

நவம்பர் 20, ஞாயிறு

நான்கும் ஆயிற்று. ஆராதனை முடிந்து பாடகர் குழு கூடியதும் போட்டுப் பார்த்தோம்.

கண்டது: வெடிச் சத்தம் அடியோடு போய்விட்டது. அக்கா வேண்டுமென்றே பெடல்கள் மேல் குதித்தாள். ஒன்றும் இல்லை. ஆனால் உறுமல் அப்படியே இருக்கிறது.

பொன்சிங் சார் அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார்: “ஊருக்கெல்லாம் மைக் செட்டு போடுதீரு. சொந்தப் பிள்ள பெட்டியில மாடு கத்துது. என்ன ஜெயசிங்கு!”

அப்பாவும் சிரித்தார். காது மடல் சிவந்திருந்தது.

நவம்பர் 25, வெள்ளி

மாலையில் என் முறை, வீடு பெருக்கினேன். கட்டிலுக்கு அடியில் ஒரு பித்தளைத் துண்டு கிடந்தது. சுண்டுவிரல் பருமன், ஒரு பக்கம் சின்னத் திருகாணித் துளை. மைக் ஸ்டாண்டிலிருந்து விழுந்ததாக இருக்கும். நல்ல கனம். நூலகப் புத்தகம் விரித்த பக்கத்தில் நிற்கவில்லை, அதன் மேல் வைக்கப் பொருத்தமாக இருந்தது. பென்சில் பெட்டியில் போட்டுக்கொண்டேன்.

அப்பா அக்காவுக்கான எக்ஸ்டென்ஷன் பெட்டியை மடியில் வைத்து ஏதோ துடைத்துக்கொண்டிருந்தார். ஆம்ப்ளிஃபயர், பெடல் எல்லாவற்றுக்கும் கரண்டு அதிலிருந்துதான். இன்று சீட்டி அடித்தபடி இருந்தார்.

நவம்பர் 26, சனி

நின்றுவிட்டது!

அக்கா பெட்டியைச் சொருகி, எல்லாப் பெடலையும் அமுக்கி, கையை எடுத்தாள். கோவிலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பொன்சிங் சார் ஆம்ப்ளிஃபயர் ஓடுகிறதா என்று குனிந்து பார்த்தார். அக்கா ஒரு தந்தியைத் தட்டினாள். மணி அடித்தது போல வந்தது.

“கேபிள் யாரு செஞ்சது?”

அக்கா என்னை முன்னால் தள்ளினாள். “எங்க வீட்டு விஞ்ஞானி கெத்சியா.”

“இன்ஜினியரம்மா, கையக் கொடு” என்று பொன்சிங் சார் குலுக்கினார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா, “பிள்ளைக்குக் கை ராசி சார்” என்றார்.

முடிவு: என் கேபிள்களால் உறுமல் நின்றது.

(போன ஞாயிறு ஏன் நிற்கவில்லை என்பது மட்டும் விளங்கவில்லை. நாள் ஆக ஆக ஈயம் நன்றாகப் பிடித்திருக்கலாம்.)

டிசம்பர் 3, சனி

அக்கா விழுந்துவிட்டாள்.

டிசம்பர் 4, ஞாயிறு

கண்டதை எழுத வேண்டும். எழுதுகிறேன்.

மாலை நான்கு இருபது. ஒத்திகை. அப்பா வேறோர் இடத்தில் கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தார். நான் முதல் பெஞ்சில் இருந்தேன். அக்கா முகப்பை வாசித்து முடித்துவிட்டு, இடது கையால் தந்திகளை அமுக்கிப் பிடித்தபடி, பாடுவதற்காக மைக் பக்கம் சாய்ந்தாள். உதடு மைக்கில் பட்டது.

பாட்டு வரவில்லை. வாய் திறந்திருந்தது. பல் தெரிந்தது. அவள் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். நானும் சிரித்தேன். இதை எழுதாமல் விடலாம் என்று இருந்தேன். எழுதிவிட்டேன். நானும் சிரித்தேன்.

பிறகு அவள் மைக் ஸ்டாண்டோடு பின்னால் சாய்ந்தாள். கித்தார் தரையில் மோதி எல்லாப் பெட்டியிலும் சத்தம் போட்டது. கோவில் மணி அடிக்கும் கோயில்குட்டியார், “மெயின அமத்துங்க, தொடாதிய, தொடாதிய!” என்று ஓடி வந்தார். விசிறி நின்றது. அப்புறம்தான் தொட்டார்கள். அக்காவின் ஒரு செருப்பு ஆர்மோனியத்துக்குக் கீழே கிடந்தது. நான் அதை எடுத்து வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வரை அதை விடவில்லை.

அக்காவுக்கு நினைவு வந்துவிட்டது. இதயத் துடிப்பைப் பார்க்கச் சில நாள் வைத்திருப்பார்கள்.

கிளம்பும்போது பலகையைப் பார்த்தேன். என் நான்கு கேபிள்களும் அப்படியே இருந்தன. ஒன்றுகூடக் கழலவில்லை.

டிசம்பர் 5, திங்கள்

அரையாண்டுத் தேர்வுக்கு எல்லாரும் படிக்கிறார்கள். எனக்கு எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன, உள்ளே வரவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சபையார் வந்து வந்து போகிறார்கள். ஓர் அத்தை அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள், எனக்குக் கேட்டது: “கடையில வாங்குனத போட்டிருக்கலாம்லா? சின்னப் பிள்ள கையால செஞ்சத கரண்டுல மாட்டலாமாக்கா?”

பொன்சிங் சார் அப்பாவிடம் நேராகவே கேட்டார். “அந்தக் கேபிள்தானா ஜெயசிங்கு?”

நான் அப்பாவுக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன். அப்பா தரையைப் பார்த்தார்.

“பாக்கணும் சார்” என்றார்.

நான்கு கேபிள்களையும் கழற்றி ஒரு பாலித்தீன் பையில் போட்டு என்னிடம் தந்துவிட்டார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

டிசம்பர் 6, செவ்வாய்

அப்பா வீடு பெருக்கினார். கட்டில், பீரோ எல்லாவற்றையும் நகர்த்தி, டார்ச் அடித்துப் பெருக்கினார். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து குளிக்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்னங்க இது? கல்யாணம் ஆகி இருபத்து ரெண்டு வருசத்துல இன்னைக்குத்தான் தொடப்பம் கண்ணுல பட்டுச்சா?”

“ஒரு ஸ்குரூ விழுந்துட்டு.”

நேற்றும் பெருக்கினார் என்பது அம்மாவுக்குத் தெரியாது.

டிசம்பர் 8, வியாழன்

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். கீழுதடு கறுத்து வீங்கியிருக்கிறது. இடது கை விரல்களில் கட்டு. கட்டு மாற்றும்போது பார்த்தேன். மூன்று விரல்களில் குறுக்காகக் கறுப்புக் கோடுகள். தந்திகள் எங்கே இருந்தனவோ அங்கே.

“வலிக்கா?”

“வலிக்கல. மரத்துக் கெடக்கு.”

“அக்கா, நான்…”

“ஏட்டி, அழாத. நீ வேணும்னா செஞ்ச?”

அவள் என்னை மன்னித்துவிட்டாள். அது தாங்க முடியாததாக இருக்கிறது. மன்னித்தாள் என்றால் நான்தான் செய்தேன் என்று அவளும் நம்புகிறாள்.

பிறகு கித்தாரைப் போர்வையில் சுற்றி பீரோ மேல் வைக்கச் சொன்னாள்.

“கை ஆறட்டும் அக்கா. இருபத்து மூணுக்கு இன்னும் நாள் இருக்கு.”

“கைக்காகச் சொல்லல. எதனால அடிச்சுதுன்னு தெரியாத ஒண்ண எப்படிட்டி தொடுவேன்? நாளைக்கும் அடிக்கும். நாளன்னைக்கும் அடிக்கும். எனக்கு இனி கித்தார் வேண்டாம். வித்துருங்க.”

டிசம்பர் 9, வெள்ளி

அறிவியல் தேர்வு முடிந்து எல்லாரும் போனபின் வயலட் மிஸ்ஸிடம் கேபிள்களைக் காட்டினேன். மீட்டரும் கொண்டு போயிருந்தேன். நான்கையும் அவர் முன்னால் சோதித்தேன். எல்லாம் சரியாகப் பீப் அடித்தன, அடிக்கக் கூடாத இடத்தில் அடிக்கவில்லை.

“பெடலுக்கு எத்தனை வோல்ட்?”

“ஒன்பது மிஸ்.”

“ஒன்பது வோல்ட்டா! அத நாக்குல வெச்சா கூசும், அவ்வளவுதான். ஆள அடிக்கணும்னா வீட்டுக் கரண்டு எங்கயோ நுழைஞ்சிருக்கணும்.” கேபிளைத் திருப்பிப் பார்த்தார். “பிளக்குல எர்த் இருந்துச்சா? கசியுற கரண்ட மண்ணுக்கு இறக்குற மூணாவது, தடிச்ச பின்னு?”

“பாக்கல மிஸ்.”

வீட்டுக்கு வந்து ஒன்பது வோல்ட் பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கூசியது. மறுபடியும் வைத்தேன். அக்காவுக்கு நடந்ததில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

டிசம்பர் 11, ஞாயிறு

கண்டது:

எக்ஸ்டென்ஷன் பெட்டி கொட்டகையில் இருக்கிறது. அக்கா விழுந்த அன்று மாலையே அப்பா கோவிலுக்குப் போய் அதை மட்டும் எடுத்து வந்திருக்கிறார். பெட்டி பழையது. வயர் பழையது, கறுப்பு, அழுக்கு. நுனியில் உள்ள பிளக் புதியது, வெள்ளை. திருகாணி மின்னுகிறது. மூன்று பின்களும் இருக்கின்றன.

மேலே உள்ள பின் மற்ற இரண்டையும்விடத் தடிமன். சுண்டுவிரல் பருமன். பித்தளை.

நாளைக்குத் தமிழ்த் தேர்வு. பென்சில் பெட்டியைத் திறந்தேன். மூடிவிட்டேன். மறுபடி திறந்தேன். பித்தளைத் துண்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய், பிளக்கின் தடித்த பின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே அளவு.

நவம்பர் 25, 26 பக்கங்களைத் திரும்பப் படித்தேன். டிசம்பர் 6-ஐயும் படித்தேன். என் கையெழுத்துதான்.

முடிவு:

டிசம்பர் 12, திங்கள்

தமிழ்த் தேர்வு எளிது. அப்பா எனக்கு முறுக்கு வாங்கி வந்தார். “நல்லா எழுதுனியாம்மா?” என்று தலையைத் தடவினார். நான் முறுக்கைத் தின்றேன். தண்ணீர் குடித்து இறக்கினேன்.

டிசம்பர் 14, புதன்

யோசித்துப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிகிறது. கரண்டு ஆம்ப்ளிஃபயரின் உடம்பில் நுழைந்திருந்தால், அங்கிருந்து அக்காவின் தந்திக்குப் போக வழி ஒன்றுதான். என் கேபிள்களின் செம்பு வலை. அவள் உதடு மைக்கில் பட்டதும் அது உடம்பு வழியாக வெளியே போக வழி கிடைத்திருக்கிறது. பழைய கேபிள்கள் விட்டு விட்டுப் பிடித்தன. என்னுடையவை விடவே இல்லை. நான் அவ்வளவு நன்றாகப் பற்றவைத்திருந்தேன்.

டிசம்பர் 15, வியாழன்

வாசலில் தொங்கவிடும் நட்சத்திரத்தை எடுக்க அம்மா கொட்டகைக்கு அனுப்பினாள். எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். எல்லாப் பெட்டிகளின் பிளக்குகளையும் பார்த்தேன்.

பதினொன்று. அதில் ஒன்பதில் தடித்த பின் இல்லை. இருந்த இடத்தில் ஓட்டை மட்டும் இருக்கிறது, விழுந்த பல்லைப் போல.

சனிக்கிழமை மாலை, ஞாயிறுதோறும் கோவிலில் வேதபாடம் படிக்கும் ஓய்வுநாள் பள்ளிக் குழந்தைகளின் விழா. அப்பா மைக்தான். முப்பது பிள்ளைகள். அம்மா அங்கன்வாடியில் வளர்த்த சின்னதுகளும் உண்டு. மைக்கை வாயில் வைத்துக்கொண்டுதான் பாடுவார்கள். அந்த வயதில் அப்படித்தான்.

அக்காவிடம் சொல்லலாமா? அவள் அப்பாவின் செல்லம். அம்மாவிடம்? ஜாடையாகச் சொன்னால்கூட அம்மா தாங்க மாட்டாள். அப்பாவிடமே சொல்லலாம். கொட்டகை வாசல் வரை போனேன். “என்னம்மா?” என்றார். “நட்சத்திரத்துக்கு பல்ப் வேணும்” என்றேன். எடுத்துத் தந்தார்.

டிசம்பர் 16, வெள்ளி

எங்கள் வீட்டில் மாலை ஏழரைக்குக் குடும்ப ஜெபம். பாட்டு, வேத வாசிப்பு, பிறகு எல்லாரும் முழங்காலில் நின்று கண்ணை மூடி, ஒருவர் பின் ஒருவராகச் சத்தமாக ஜெபம் செய்வோம். அம்மா, அக்கா, நான். கடைசியில் அப்பா முடிப்பார். ஜெபத்தில் யாரும் குறுக்கே பேசக் கூடாது. அதனால்தான் அங்கே சொன்னேன். தைரியத்தால் அல்ல.

அம்மா முடித்தாள். அக்கா உதடு வலிக்க இரண்டே வார்த்தை சொன்னாள். என் முறை.

“ஆண்டவரே, பரீட்சை எழுத உதவி செஞ்சதுக்கு ஸ்தோத்திரம். நாளைக்கு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைங்க முப்பது பேரு அப்பாவோட மைக்கப் பிடிச்சுப் பாடுவாங்க. அப்பாவோட பதினோரு பெட்டியில ஒன்பது பெட்டிக்கு எர்த் பின் இல்ல. அக்கா விழுந்த அன்னைக்கு அக்கா பெட்டிக்கும் இல்ல. நவம்பர் இருபத்தஞ்சாந் தேதி அது கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு. எங்கிட்டதான் இருக்கு. பிள்ளைங்களக் காப்பாத்தும். ஆமென்.”

யாரும் ஆமென் சொல்லவில்லை.

நான் கண்ணைத் திறந்தேன். அப்பா ஏற்கெனவே திறந்திருந்தார். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. கோபம் என்றால் எனக்குப் பழக்கம். இது வேறு முகம், நான் பார்த்தறியாதது.

“எப்பா?” என்றாள் அக்கா.

நான் பித்தளைத் துண்டைப் பாயில் வைத்தேன்.

“இதத்தான்…” என்றார் அப்பா. “இதத்தான் தேடுனேன்.”

அம்மாவின் பார்வை மூலையில் சாத்தியிருந்த துடைப்பத்துக்குப் போனது. “அன்னைக்கு நீங்க தூத்தது…” என்று ஆரம்பித்தாள். 

அப்பா முடிக்க வேண்டிய ஜெபம் அது. அவர் முடிக்கவே இல்லை. நாங்கள் நால்வரும் முழங்காலிலேயே இருந்தோம். அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகும் வாசனை வந்தபோதுதான் அம்மா எழுந்தாள்.

டிசம்பர் 17, சனி

காலையில் எழுந்தபோது அப்பா ஒரு டஜன் புது பிளக்குகளோடு கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். கடை திறக்கச் சொல்லி வாங்கியிருக்கிறார்.

“மீட்டர எடுத்துட்டு வா” என்றார், என்னைப் பார்க்காமல்.

அவர் ஒவ்வொன்றாக மாட்டினார். நான் ஒவ்வொன்றையும் சோதித்தேன். பீப். அடுத்தது. பீப்.

ஐந்தாவதில் அப்பா பேசினார். “எல்லாரும் கழட்டுறதுதாம்மா. நான் வேல பழகுன இடத்துலயும் கழட்டுவாங்க. சில இடத்து எர்த்து சரி கிடையாது, அது வழியா உறுமும். கழட்டுனா நின்னுரும். நின்னா நல்ல மைக் செட்டுன்னு பேரு. முப்பது வருசத்துல ஒண்ணும் ஆகல.”

“என் கேபிள்னு சொன்னாங்கல்லப்பா. நீங்க பக்கத்துல நின்னீங்க.”

திருப்புளி நின்றது.

“நின்னேன்” என்றார்.

 ஆறாவது பிளக்கை எடுத்தார்.

பத்து மணிக்குக் கோவிலிலிருந்து ஆம்ப்ளிஃபயரைக் கொண்டு வந்து, எர்த் உள்ள பெட்டியில் சொருகினார். பட்டென்று பியூஸ் போனது. திறந்து பார்த்தோம். உள்ளே ஒரு வயரின் உறையை எலி கடித்திருந்தது. வெறும் செம்பு தகர உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. நல்ல பிளக் இருந்திருந்தால் அன்றைக்கும் பியூஸ்தான் போயிருக்கும். அப்பா அந்த வயரை மாற்றினார்.

மதியம் அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு கோவில் போதகர் வீட்டுக்கும் பொன்சிங் சார் வீட்டுக்கும் போனார். பித்தளைத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

சாயங்காலம் பிள்ளைகள் மைக்கைக் கடித்துக்கொண்டே பாடினார்கள். நான் கடைசி வரை நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஒவ்வொரு பிள்ளை வாயைத் திறக்கும்போதும் மெயின் சுவிட்சைப் பார்த்துக்கொண்டேன்.

டிசம்பர் 19, திங்கள்

புத்தாண்டு ஆராதனைக்கு வேறு மைக் செட் வைத்துக்கொள்வதாகக் கோவில் கமிட்டி சொல்லிவிட்டது. அப்பா சரி என்றாராம். 23-ஆம் தேதிக்கு மட்டும் வேறு ஆள் கிடைக்கவில்லை.

அக்கா அப்பாவோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை நகர்த்தித் தள்ளுகிறாள், அவ்வளவுதான். இன்று என்னிடம் கேட்டாள்.

“எர்த் இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?”

“பியூஸ் போயிருக்கும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். பொன்சிங் சாரு எரிஞ்சு விழுந்திருப்பாரு.”

அக்கா சிரித்தாள். உதடு வெடித்து ரத்தம் வந்தது. பிறகு நெடுநேரம் அழுதாள். அழுது முடித்து, “அத எடு” என்று பீரோ மேலே காட்டினாள். எதிலும் சொருகாமல், கட்டுப் போட்ட விரலோடு ஒரு தந்தியை மட்டும் தொட்டாள். எடுத்தாள். மறுபடி தொட்டாள்.

“கேபிளு எங்க?”

“எந்தக் கேபிள்?”

“நீ செஞ்சதுட்டி.”

பாலித்தீன் பையை எடுத்துக் கொடுத்தேன்.

டிசம்பர் 23, வெள்ளி

மாலை ஆறு மணி. கோவில் நிறைந்திருந்தது. அக்கா பலகைக்குப் பின்னால் நின்றாள். அப்பா ஓரத்தில் மிக்ஸர் அருகே. பெட்டியைச் சொருகியதும் உறுமல் வந்தது. பழைய அதே உறுமல். முதல் ஐந்து வரிசை திரும்பிப் பார்த்தது.

பொன்சிங் சார் குச்சியை இறக்கினார். “ஜெயசிங்கு, உறுமுதே.”

“உறுமட்டும் சார்” என்றார் அப்பா. எல்லாருக்கும் கேட்டது.

அக்கா மைக்கைப் பார்த்தபடி நின்றாள். சாயவில்லை. நான் முதல் பெஞ்சில் அதே இடத்தில் இருந்தேன்.  பொன்சிங் சார் குச்சியைத் தூக்கினார், அவள் அசையாததைப் பார்த்து மறுபடி இறக்கினார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்பா மிக்ஸரை விட்டு எழுந்து வந்தார். நடுப்பாதை வழியாக, செருப்பில்லாமல். அக்காவின் முன்னால் நின்று, இடது கையால் கித்தாரின் ஆறு தந்திகளையும் சேர்த்துப் பிடித்தார். பிறகு குனிந்து மைக்கில் உதட்டை வைத்தார்.

நான் எண்ணினேன். பத்து வரை எண்ணினேன். உறுமல் மட்டும் கேட்டது. அதற்குள் அப்பா மூச்சு விடுவதும் ஒலிபெருக்கியில் கேட்டது.

அவர் கையை எடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. ஆனால் அவர் உட்காரும்வரை காத்திருந்தாள். பிறகு வாசித்தாள். முகப்பில் இரண்டு இடம் தவறியது, கட்டுப் போட்ட விரல் வழுக்கியது. முடித்ததும் மைக்குக்குச் சாய்ந்து பாடினாள்.

கண்டது: பாட்டு முழுவதும் உறுமல் இருந்தது. நான்கு கேபிள்களும் கழலவில்லை.

நவம்பர் 26-ஆம் தேதிப் பக்கத்தில் நான் எழுதியிருந்த முடிவை இன்று கோடு போட்டு அடித்துவிட்டேன். டிசம்பர் 11-இல் காலியாக விட்டதை இன்னும் நிரப்பவில்லை. அப்பா வந்து கேட்டால் இந்தப் பக்கங்களைப் படிக்கக் கொடுப்பேன். அவரே நிரப்பட்டும்.